பாடசாலைகளில் சைவசமய பாடமும் ஆலயங்களின் கடமையும்

மாலைப் பூசை நிறைவெய்தும் வேளை. குருக்கள் ஐயா தீபாராதனை முடித்து, வேத தோத்திரம் சொல்லி, பஞ்சபுராணம் ஓதும்படி சபையைப் பார்க்கிறார். வழக்கமாக ஓதும் முதியவர் அன்று சுகமில்லாமல் வீட்டில் படுத்திருக்கிறார். மண்டபத்தில் நிற்கும் அடியார்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். ஒரு தாயார் தன் மகளை முன்னே தள்ளுகிறார். பிள்ளை வெட்கப்பட்டுத் தாயின் பின்னே ஒளிகிறது. கடைசியில் குருக்கள் ஐயாவே ஒரு தேவாரத்தைப் பாடி முடித்துவிட்டு விபூதித் தட்டை எடுக்கிறார். திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, திருப்புராணம் ஆகிய நான்கும் அன்று எம்பெருமானுக்கு இல்லை.

தாயின் பின்னே ஒளித்த அந்தப் பிள்ளை சைவநெறிப் பாடத்தில் தொண்ணூறு புள்ளி எடுக்கும் பிள்ளையாகவும் இருக்கலாம். பஞ்சபுராணம் என்பவை எவை என்று வினாத்தாளில் கேட்டால் ஐந்தையும் பிழையின்றி எழுதும். பாடியவர்களின் பெயர்களையும் எழுதும். பாடச் சொன்னால் மாத்திரம் வராது. இது எந்த ஓர் ஆலயத்தையும் எந்த ஒரு பாடசாலையையும் சுட்டிச் சொல்லப்படுவதன்று. வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் பல ஆலயங்களில் இன்று காணப்படும் காட்சி இதுவே. நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ஏன் பாட வரவில்லை என்பதைச் சைவ மக்கள் ஒருமுறை நின்று சிந்தித்தல் வேண்டும்.

முதலில் இலங்கைச் சைவப் பிள்ளைக்குக் கிடைத்திருக்கும் பேற்றைச் சொல்லியாக வேண்டும். இந்நாட்டில் முதலாம் தரம் தொடக்கம் பதினோராம் தரம் வரையும் சமயம் ஒரு பாடமாக உள்ளது. பௌத்தப் பிள்ளைக்குப் பௌத்தமும், இஸ்லாமியப் பிள்ளைக்கு இஸ்லாமும், கிறிஸ்தவப் பிள்ளைக்குக் கிறிஸ்தவமும் போலச் சைவப் பிள்ளைக்குச் சைவநெறி. க.பொ.த. சாதாரண தரத்தில் அது கட்டாய பாடம். பாடநூலை அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. 1980 ஆம் ஆண்டு தொடங்கிய இலவசப் பாடநூல் திட்டம் சமய பாடத்தையும் விட்டுவைக்கவில்லை. நாயன்மார்கள் அவதரித்த தமிழ்நாட்டில் அரச பாடசாலைகளில் இந்த வாய்ப்பு இல்லை. முழுவதும் அரசு பணத்தில் நடக்கும் கல்விக்கூடங்களில் சமய போதனை நடத்தலாகாது என்பது இந்திய அரசியலமைப்பின் 28 ஆவது உறுப்புரையின் விதி. திருநாவலூரில் பிறந்த பிள்ளைக்குப் பாடசாலையில் கிடைக்காத சுந்தரமூர்த்தி நாயனார் சரித்திரம் இங்கே ஒரு குக்கிராமத்துப் பிள்ளைக்கு வாரத்தில் சில பாடவேளைகளில் கிடைக்கிறது. பெரும் பேறுதான். ஆயினும் பேறு கிடைத்தவர்கள் அதனை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் கதை இருக்கிறது.

இந்தப் பேறு தானாக வந்ததன்று. ஒல்லாந்தர் காலத்தில் பாடசாலை என்பது தேவாலயத்தின் ஒரு பகுதி. ஆங்கிலேயர் காலத்தில் 1816 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் ஊர்தோறும் பள்ளிகளை அமைத்தார்கள். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினார்கள். அவர்கள் தந்த கல்வி உயர்ந்த கல்வி என்பதை மறுத்தல் அழகன்று. ஆனால் அந்தக் கல்வியைப் பெறுவதற்கு அவர்களின் வேதத்தையும் கற்க வேண்டியிருந்தது. அந்த நிலையைக் கண்டு நெஞ்சு நொந்தவர் நல்லூரில் 1822 ஆம் ஆண்டு அவதரித்த ஆறுமுக நாவலர் பெருமான். அவரும் மிஷன் பாடசாலையில் கற்றவர், அங்கேயே கற்பித்தவர், பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணை நின்றவர். ஆதலால் பாதிரிமாரின் கல்விமுறையின் பலத்தை அவர் நன்கறிந்திருந்தார்.

நாவலர் பெருமான் முதலில் செய்தது பாடசாலை தொடங்கியதன்று. 1847 ஆம் ஆண்டு மார்கழி 31 ஆம் நாள் வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். சைவப்பிரகாச வித்தியாசாலை அடுத்த ஆண்டு, 1848 இல், அதே வண்ணார்பண்ணையில் எழுந்தது. இந்த வரிசையைச் சைவ மக்கள் கவனித்தல் வேண்டும். ஆலய மண்டபத்தில் பெரியவர்கள் கேட்ட பிரசங்கத்தின் பின்பே பிள்ளைகளின் பள்ளி பிறந்தது. பள்ளியில் படித்த பிள்ளை மாலையில் கோயிலுக்கு வந்தது. கோயிலில் கேட்ட புராணத்தின் பொருளை மறுநாள் பள்ளியில் கேட்டறிந்தது. அப்பிள்ளைகளின் கையில் பாலபாடமும் சைவ வினாவிடையும் கிடைப்பதற்காக அச்சியந்திரமும் வந்தது.

அவரைத் தொடர்ந்து 1888 இல் சைவபரிபாலன சபை, 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, 1923 இல் சைவ வித்தியாவிருத்திச் சங்கம் என்று நிறுவனங்கள் எழுந்தன. கிழக்கிலே சுவாமி விபுலாநந்தர் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை வளர்த்து, 1929 இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். இவை செல்வர்களின் பணத்தால் மாத்திரம் எழுந்தவை அல்ல. உலையில் அரிசி இடும்போது ஒரு பிடியைப் பானையில் வேறாக எடுத்து வைத்த தாய்மாரின் பிடியரிசியும் அவற்றுள் இருக்கிறது. திருநெல்வேலியில் இருந்த சைவாசிரிய கலாசாலை இப்பாடசாலைகளுக்கென்றே ஆசிரியர்களைப் பயிற்றியது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் அங்கே கற்பித்தார். அந்தக் கால ஆசிரியர் பகலில் பள்ளியில் கணிதமும் தமிழும் படிப்பிப்பார். கந்தபுராணப் படிப்புக் காலத்தில் கோயிலில் ஏடு வாசிப்பார் அல்லது பயன் சொல்வார். பிள்ளைக்குச் சமய பாடம் சொன்ன வாயும் கோயிலில் புராணம் படித்த வாயும் ஒன்றாக இருந்தன. பாடநூலில் இல்லாத பாடத்தைப் பிள்ளை அவரைப் பார்த்தே படித்துக்கொண்டது.

1960 ஆம் ஆண்டிலும் 1961 ஆம் ஆண்டிலும் நிறைவேறிய சட்டங்களால் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. சைவப் பாடசாலைகளும் அவற்றுள் அடங்கின. இதனை முழு நட்டம் என்று சொல்ல முடியாது. ஆசிரியரின் வேதனம் முகாமையாளரின் தயவில் இருந்த நிலை போயிற்று. ஏழைப் பிள்ளைக்கும் நல்ல பாடசாலையின் கதவு திறந்தது. சாதியின் பெயரால் சில பள்ளிகள் சில பிள்ளைகளை வாசலில் நிறுத்தி வைத்த கொடுமைக்கும் இடம் குறைந்தது. சைவத்தின் பெயரால் நடந்த அந்த வழக்கம் சைவத்துக்கு இழுக்கே அன்றி வேறில்லை. ஆயினும் ஒன்று கைநழுவிப் போயிற்று. பாடசாலையும் ஆலயமும் ஒரே ஊரவரின் பொறுப்பில் இருந்த உறவு அது. பாடசாலை அரசாங்கத்தின் அலுவல் என்றும், கோயில் பரிபாலன சபையின் அலுவல் என்றும் இரண்டாகப் பிரிந்தது. நடுவில் நின்ற பிள்ளைக்குச் சமயம் ஒரு பாடமாக மாத்திரம் எஞ்சியது.

அந்தப் பாடத்தின் இன்றைய நிலைமை என்ன? நேரசூசியில் அதற்கு இடம் உண்டு. பல பாடசாலைகளில் அது யாரிடமும் கொடுக்கக்கூடிய பாடமாகிவிட்டது என்பதே குறை. கணித பாடத்துக்கு ஆசிரியர் இல்லையென்றால் பெற்றோர் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போவார்கள், பத்திரிகையிலும் செய்தி வரும். சைவநெறிக்கு ஆசிரியர் இல்லையென்றால் ஒருவரும் போவதில்லை. பாடவேளை குறைவாக உள்ள ஆசிரியருக்கு அதனைக் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்தது. அந்த ஆசிரியர் நல்லவராக இருப்பார். பாடநூலை வாசித்து விளங்கப்படுத்துவார். ஆனால் தேவாரத்தின் பண் அவருக்கே தெரியாது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போதும், சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய தவணையிலும் முதலில் பறிபோகும் பாடவேளை சமய பாடவேளைதான். "சமயம் தானே, பிள்ளைகள் வீட்டிலே பாடமாக்குவார்கள்" என்ற சொல் அதிபர் அறைகளில் புதிதன்று.

பரீட்சையும் எழுத்துப் பரீட்சை. முதலாம் பத்திரத்தில் சரியான விடையைத் தெரிவுசெய்யும் வினாக்கள், இரண்டாம் பத்திரத்தில் எழுத வேண்டிய வினாக்கள். சம்பந்தர் அவதரித்த தலம் எது, சரியை என்றால் என்ன, மும்மலங்கள் எவை என்று கேட்கலாம், பிள்ளை எழுதலாம். பண்ணோடு பாடுகிறதா, திருநீறு அணியும் முறை தெரிகிறதா, சந்நிதியில் எங்கே விழுந்து வணங்க வேண்டும் என்று அறியுமா என்பதை எந்த வினாத்தாளாலும் அளக்க முடியாது. பரீட்சையில் இல்லாததை ஆசிரியர் கற்பிக்க நேரமில்லை. கற்பிக்காததைப் பிள்ளை அறியாது. சாதாரண தரம் முடிந்ததும் கலைப்பிரிவில் இந்து நாகரிகம் எடுப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்குச் சமயக் கல்வி அத்துடன் நிறைவு பெறுகிறது. வைத்தியராகவும் பொறியியலாளராகவும் வரப்போகும் பிள்ளை பதினாறு வயதுச் சைவ அறிவோடு வாழ்நாள் முழுவதும் நடக்க வேண்டியதுதான்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஆசிரியர்களைக் குறை சொல்வது நன்றியில்லாமை. இடப்பெயர்வுக் காலங்களில், 1995 இலும் அதன் பின்பும், கூரையில்லாத கொட்டில்களிலும் மரநிழலிலும் பள்ளி நடந்தபோது, பலகை இல்லாத இடத்திலும் காலைப் பிரார்த்தனையை நிறுத்தாத ஆசிரியர்கள் பலர் இருந்தார்கள். இன்றும் நாவலர் குருபூசைக்கும் வாணிவிழாவுக்கும் தம் கைக்காசில் பூவும் பழமும் வாங்கி வரும் ஆசிரியைமார் எத்தனையோ பேர். ஒரு பாடசாலையில் அப்படி ஒருவர் இருந்தால் அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்தவுடனே தெரியும். அவர் இடமாற்றம் பெற்றுப் போனால் அதுவும் தெரியும்.

மேல்நாட்டுத் தோட்டங்களின் நிலைமை வேறு விதமானது. அங்கே பாடசாலைகள் 1970களிலேயே அரசின் பொறுப்புக்கு வந்தன. எல்லாப் பாடங்களுக்குமே ஆசிரியர் பற்றாக்குறை நிலவிய இடத்தில் சமய பாடத்தின் பங்கு என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஆயினும் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் பிள்ளைகள் காவடியும் கரகமும் எடுத்து ஆடுவதைப் பார்த்தால், பாடநூல் கொடுக்காத ஒன்றைக் கோயில் இன்னும் அங்கே கொடுத்துக்கொண்டிருப்பது தெரியும்.

பாடசாலையில் குறைவதை நிரப்புவதற்கே அறநெறிப் பாடசாலைகள் வந்தன. இந்து சமய, கலாசார அலுவல்கள் திணைக்களம் அவற்றைப் பதிவுசெய்து, நூல்கள் தந்து, பரீட்சையும் நடத்துகிறது. கொழும்பு விவேகானந்த சபை நெடுங்காலமாக நாடு முழுவதும் சைவசமய பாடப் பரீட்சையை நடத்தி வருகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பல ஆலயங்களின் அறநெறி வகுப்பைப் போய்ப் பார்த்தால் முதலாம் தரத்திலிருந்து ஐந்தாம் தரம் வரை உள்ள சிறுவர்கள்தான் பாயில் இருப்பார்கள். ஒன்பதாம், பத்தாம் தரப் பிள்ளைகள் எங்கே? ரியூட்டறியில். ஞாயிறு முற்பகலில் ரியூஷன் வகுப்புகளை நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கை பல முறை எழுந்துவிட்டது. கோரிக்கை விடும் பெரியவரின் பிள்ளையும் அதே நேரத்தில் ரியூட்டறியில் இருக்கும் என்பது வேடிக்கையன்று, வேதனை.

இனி வீட்டுக்கு வருவோம். பெரியபுராணத்தில் திருநாவுக்கரசு நாயனாரின் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் சொல்லும் முறை இங்கே நினைக்கத்தக்கது. மருணீக்கியார் கல்வியில் குறைந்தவரல்லர். பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் சேர்ந்து, அச்சமய நூல்களையெல்லாம் கற்று, தருமசேனர் என்ற பட்டத்தோடு தலைமை பெற்றவர். வாதத்தில் அவரை வெல்ல ஒருவரும் இல்லை. அத்தகையவரை வாதம் செய்து சைவத்துக்கு மீட்க எந்தப் பண்டிதரும் போகவில்லை. தாய் தந்தையரை இழந்து, மணம் பேசிய கலிப்பகையாரையும் போரில் இழந்து, தம்பிக்காக உயிர் தாங்கி நின்ற திலகவதியார் திருவதிகை வீரட்டானத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்? விடியுமுன் எழுந்து திருவலகிட்டார். சாணத்தால் மெழுகினார். பூப்பறித்து மாலை கட்டினார். தம்பிக்காக வேண்டிக்கொண்டார்.

சூலைநோய் வந்து வயிற்றைக் கிழித்தபோது தம்பிக்குத் தான் கற்ற நூல்களில் ஒன்றும் கைகொடுக்கவில்லை. தமக்கையார் நினைவுக்கு வந்தார். இரவோடிரவாக வந்து அவர் காலில் விழுந்தார். தமக்கையார் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, விளக்கம் கேட்கவில்லை. ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். திருப்பள்ளியெழுச்சி வேளை நெருங்கிவிட்டதால், திருவலகும் தோண்டியும் மெழுகு சாணமும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார். தம்பியும் கூடப் போனார். நாயனாரின் முதல் தேவாரம் பிறந்தது அந்தச் சந்நிதியில்தான். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நாள்தோறும் கோயிலுக்குப் போன ஒரு பெண்ணின் பின்னே போய்த்தான் நாவுக்கரசர் நாவுக்கரசர் ஆனார்.

இன்று பிள்ளையிடம் கோயிலுக்குப் போய் வா என்று சொல்லும் பெற்றோர் பலர். கூட்டிக்கொண்டு போகும் பெற்றோர் சிலர். வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றி ஐந்து நிமிடம் பிள்ளையோடு இருந்து ஒரு தேவாரம் பாடும் வீடு எத்தனை? சீர்காழியில் சிவபாதவிருதயர் நீராடப் புறப்பட்டபோது அழுத மூன்று வயதுக் குழந்தையை வீட்டில் விட்டுப் போயிருந்தால் அன்று தோணியப்பர் சந்நிதியில் என்ன நடந்திருக்கும்?

இந்தக் குறை எங்கே வந்து வெளிப்படும் என்றால் மரண வீட்டில்தான். சுண்ணம் இடிக்கும்போது திருப்பொற்சுண்ணம் பாட ஆளைத் தேடி அடுத்த ஊருக்கு மோட்டார் சைக்கிள் போகிறது. ஆள் கிடைக்காவிட்டால் கைத்தொலைபேசியில் பதிந்து வைத்த பாட்டைப் போட்டு ஒலிபெருக்கியின் வாயில் பிடிக்கிறார்கள். ஒருவருடைய தந்தைக்குக் கடைசியாகப் பாடப்படும் திருவாசகத்தை அவர் பெற்ற மக்களோ பேரரோ பாட முடியாமல் ஒரு கருவி பாடுகிறது. சுற்றி நிற்கும் பேரப்பிள்ளைகள் எல்லோரும் சைவநெறியில் சித்தியடைந்தவர்கள்.

ஆலயங்களின் பங்கு என்ன? இது சிலருக்குக் கசக்கலாம். நாவலர் பெருமான் 1872 ஆம் ஆண்டு எழுதிய யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் நூலில் கோயில் அதிகாரிகளையும் குருமாரையும் சைவப் பெருமக்களையும் தயவு தாட்சணியமின்றிக் கண்டித்தார். கோயிற் பணம் வாணவேடிக்கையிலும் கேளிக்கையிலும் கரைவதை அவர் பொறுக்கவில்லை. நூற்றைம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. மின் அலங்காரம் வந்திருக்கிறது, மேளக்கச்சேரிக்கு நான்கு கூட்டம் வருகிறது, வெளிநாட்டிலிருந்து உபயகாரர் பணம் அனுப்புகிறார், கோபுரம் உயர்கிறது. இவற்றை வேண்டாம் என்பவர் யார்? எம்பெருமானுக்கு அலங்காரம் செய்வதில் அடியவருக்கு ஆனந்தம் உண்டு. ஆனால் பல ஆலயங்களின் ஆண்டுக் கணக்கறிக்கையில் அறநெறிப் பாடசாலைக்கென்று ஒரு வரி கூட இல்லை. ஒரு நாள் இரவு மின் அலங்காரத்துக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு வருடத்துக்கு வேண்டிய கொப்பியும் பென்சிலும் பாயும் பிள்ளைகளுக்கு ஒரு தேநீரும் கொடுக்கலாம். (தேநீரைச் சிறிய விடயம் என்று எண்ண வேண்டாம். ஞாயிறு காலை வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது அதிகம் இருந்தார்கள்.)

பணத்திலும் மேலாக ஆலயம் கொடுக்கக்கூடியது இடம். பிள்ளைக்குச் சந்நிதியில் நிற்க ஓர் இடம் வேண்டும். விஜயதசமியன்று ஆலயத்தில் குருக்கள் ஐயாவின் மடியிலிருந்து பச்சையரிசியில் முதல் எழுத்தை எழுதி ஏடு தொடக்கிய பிள்ளை அது. அதன் கல்வியைத் தொடக்கிவைத்த ஆலயம் பிறகு அதனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. திருவிழாவில் பேச்சுப் போட்டி வைத்துப் பரிசு கொடுத்துப் படமும் எடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்ற எண்ணம் இருக்கிறது. பரிசு பெற்ற பிள்ளை மறுநாள் பூசையில் கூட்டத்தின் பின்னே நிற்கும். பஞ்சபுராணம் ஓத ஒலிவாங்கியை யாரும் அதனிடம் கொடுப்பதில்லை, பிழை விட்டுவிடும் என்று பயம். பிழை விடட்டும். பிழை விடாமல் ஓதக் கற்றவர் எவரும் இல்லை. பக்கத்தில் நிற்கும் முதியவர் மெல்ல அடியெடுத்துக் கொடுப்பார். அடுத்த வெள்ளி அந்தப் பிழை வராது.

ஊரில் உள்ள இளைப்பாறிய ஆசிரியர்களில் பண்ணோடு பாடத் தெரிந்தவர் ஒருவரேனும் இருப்பார். வெள்ளி மாலைப் பூசைக்கு அரைமணி நேரம் முன்பு அவர் மண்டபத்தில் வந்து இருந்தால் போதும். மணி அடித்ததும் பிள்ளைகள் அப்படியே எழுந்து பூசைக்குப் போகலாம், ரியூட்டறிக்கும் இடைஞ்சல் இல்லை. கிராமத்துப் பாடசாலை அதிபரையும் சைவநெறி ஆசிரியரையும் பரிபாலன சபைக் கூட்டத்துக்கு ஆண்டில் ஒரு முறையாவது அழைத்து, எந்தத் தரத்தில் எந்தத் திருமுறைப் பாடல் படிப்பிக்கப்படுகிறது என்று கேட்டறிந்தால், அதே பாடலை அதே மாதத்தில் ஆலயத்தில் பிள்ளைகளைக் கொண்டு ஓதுவிக்கலாம். பள்ளியில் எழுத்தாகக் கண்டதைக் கோயிலில் ஓசையாகக் கேட்கும்போது பிள்ளைக்கு இரண்டும் ஒன்றெனத் தெரியும். மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் விடியற்காலை சங்கோடும் சேமக்கலத்தோடும் ஊர்வலம் போகும் ஊர்களில் பிள்ளைகள் இருபது பாடல்களையும் பத்து நாளில் தாமாகவே பாடமாக்குவதை எவரும் பார்க்கலாம். அங்கே பரீட்சை இல்லை, புள்ளி இல்லை. குளிரும், இருட்டும், முன்னே போகும் விளக்கும், பின்னர் கிடைக்கும் ஒரு கை சுண்டலும்தான்.

கொடியேற்றம் தொடங்கித் தீர்த்தம் வரை ஒவ்வொரு நாள் திருவிழாவுக்கும் உபயகாரரின் பெயர் துண்டுப் பிரசுரத்தில் அச்சாகிறது. அந்தப் பெயரின் கீழே அன்று பஞ்சபுராணம் ஓதப்போகும் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் அச்சிட இன்னும் இரண்டு வரி இடம் போதும். பிரசுரம் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே வீடுகளுக்குப் போகிறது. பெயரைக் கண்ட பிள்ளைக்குப் பழக ஒரு மாதம் இருக்கிறது. பேத்தியின் பெயரைக் கண்ட பாட்டியார் அன்று முதலாவது ஆளாக வந்து தூணோரம் இடம் பிடித்திருப்பார்.